பன்றிகள் நின்று திரும்பிய இடம்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். "அம்மா, அப்பாவோட கொல்லைச் சட்டை ஏதாவது இருந்தா எடுத்து வைம்மா. துவைக்காததா இருக்கணும்" என்றாய். "இந்த வீட்டில் துவைக்காத துணி என்று எதையாவது நீ பார்த்திருக்கிறாயா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நீ சிரித்தாய். குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது, மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்துவிட்டதா என்று நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னதால் அது பொய் ஆகாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஆனால் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு அதையும் பொய் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சட்டை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். நீ சரி சொல்லும் விஷயம் இல்லை இது. முழுதும் படித்துவிட்டு யோசி.

நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். கொல்லையில் பயிர் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் மாதமே நான் போட்ட சட்டம் அது. உன் அப்பா கொல்லைச் சட்டையை மோட்டார் கொட்டாயில் ஆணியில் மாட்டிவிட்டு, கிணற்றுத் தொட்டியில் குளித்துவிட்டு, நான் மடித்துக் கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். ஒருநாள் கூட மீறியது கிடையாது. ஆனால் கேலி செய்யாமலும் இருந்தது கிடையாது. கான்வென்ட்டில் படித்த பெண்டாட்டிக்கு அவர் வைத்த பெயர் மதர். "மதர் உத்தரவு, குளிச்சாத்தான் சோறு" என்று களத்தில் நின்று எல்லார் காதிலும் விழச் சொல்வார். வருஷா வருஷம் நம் வேர்க்கடலையை விலைக்கு எடுத்துப்போகும் உத்திரமேரூர் ரஹீம் பாய், அவரும் சேர்ந்துகொண்டு, "அண்ணே, இன்னிக்கி நகமெல்லாம் காட்டிட்டீங்களா?" என்பார். உன் அப்பா பதிலுக்கு, "நகம் இன்னா பாய், இவ சோப்பு போட்டே என்னைக் கரைச்சிடுவா பாரு" என்பார். வேப்ப எண்ணெய், மோட்டார் கிரீஸ், வெற்றிலை, வியர்வை. எனக்கு இவையெல்லாம் துவைத்து எடுக்கவேண்டிய கறைகளாக மட்டுமே தெரிந்தன. நீயும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ள வருவாய். கை கால் கழுவிச் சட்டை மாற்றிவிட்டு வா என்று நிறுத்துவேன். நீ மாற்றிக்கொண்டு வருவதற்குள் உனக்குக் கட்டிக்கொள்ளும் ஆசை போயிருக்கும். அப்போது அதை நான் கவனித்ததாக ஞாபகம் இல்லை. இப்போது கவனிக்கிறேன்.

புரட்டாசியில் அப்பா போனபோது நீ வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வெளியே எடுத்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, ரோஜா மாலை போட்ட பிறகு நீ குனிந்து அவர் நெற்றியில் முகத்தை வைத்தாய். நிமிர்ந்து என்னிடம் வந்து, "அப்பா வாசனையே இல்லம்மா" என்று காதோடு சொன்னாய். நான் உன் மூக்கைத் துடைத்துவிட்டு, "மாலை வாசனை தூக்கலாக இருக்கிறது, அதனால்தான்" என்றேன். நீ சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் அடுத்து நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

கருமாதி முடிந்து நீ ஊருக்குப் போன பிறகு, உறவுக்காரர்கள் அவருடைய துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு, இல்லையென்றால் பாலாற்றில் விட்டுவிடு என்றார்கள். முடியாது என்றேன். பீரோவில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்தேன். சட்டைகள், வேட்டிகள், துண்டுகள், அவர் தலையணை உறை, போர்வை, சாய்வு நாற்காலியின் துணி வரைக்கும். கஞ்சி போட்டேன். இஸ்திரிப் பெட்டி போட்டேன். ஓரம் ஓரத்தோடு சேர மடித்து அடுக்கினேன். அழுவது எனக்கு வராது, உனக்குத் தெரியும். இது வரும். முடித்துவிட்டுப் பார்த்தபோது பீரோ கடையில் இருக்கும் அலமாரி மாதிரி இருந்தது. அவர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்தால் போட்டுக்கொள்வார் என்பதுபோல் நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மார்கழிக் கடைசியில் ஏரிக்கரைக் கொல்லையில் கடலை போட்டோம். நீ வேண்டாம் என்றாய். நம் கொல்லையில் களையெடுக்க வரும் முனியம்மாவும் வேண்டாம் என்றாள். "அய்யா இல்லாத கொல்லையில பன்னிக்கா பயிர் வெக்கப் போறீங்க?" என்று கேட்டாள். நான் கேட்கவில்லை. மாசியில் பூ உதிர்ந்து விழுது மண்ணில் இறங்கியதும் அவள் சொன்னபடியே ஆயிற்று. ஏரிக்குள் இப்போது தண்ணீரைவிட வேலிகாத்தான் முள்தான் அதிகம். காட்டுப்பன்றிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்திருந்துவிட்டு இருட்டியதும் கரை ஏறி வருகின்றன. இங்கே எல்லார் கொல்லையைச் சுற்றியும் பழைய புடவை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். சிவப்பும் மஞ்சளும் காற்றில் ஆடும். கொஞ்ச நாள் பன்றி ஒதுங்கும், அப்புறம் பழகிவிடும். சிலர் கம்பியில் கரண்டு விடுகிறார்கள். வருவது பன்றியா மனிதனா என்று கம்பிக்குத் தெரியாது. உன் அப்பா அதற்கு ஒத்துக்கொண்டதே இல்லை, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் செய்தது வேறு. சாயங்காலம் வேலை முடிந்ததும் பன்றி நுழையும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, உடம்பில் இருக்கும் சட்டையைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு, வெறும் மேலோடு மோட்டார் கொட்டாய்க்குப் போவார். மனுஷ வாடை இருந்தால் பன்றி கிட்டே வராது என்பார். என் வரைக்கும் அது சட்டையைப் பாழாக்கும் வேலை.

எங்கே நுழைகின்றன என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? விடிந்ததும் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவள் செய்கிற வேலையா என்று நீ கேட்பாய். குனிந்து பார்க்கிற வேலைக்கு வயதானவள்தான் சரி, நான் நிமிர்ந்து நடந்தே நாளாகிறது. ஆட்டுக் குளம்புக்கும் பன்றிக் குளம்புக்கும் முதலில் குழப்பமாக இருந்தது. அப்புறம் கண் பழகியது. ஆட்டின் தடம் கூர்மையாக, குறுகலாக இருக்கும். பன்றியின் தடம் அகன்று உருண்டிருக்கும், ஈர மண்ணில் பின்னால் இரண்டு சின்ன நகமும் தள்ளித் தள்ளிப் பதிந்திருக்கும். முள்வேலியில் முடி சிக்கியிருக்கும். சேற்றில் புரண்டுவிட்டு வந்து பனைமரத்தில் உடம்பைத் தேய்த்த கறை இருக்கும். அந்தக் கறை என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

ஆனால் பழைய தடமும் புதுத் தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் எதுவும் தெரியாது. அதற்கு எனக்குத் தெரிந்த வழியைச் செய்தேன். ஏரிப் பக்கத்து வரப்பு ஓரத்தில் நீளவாக்கில் ஒரு பட்டை மண்ணைத் தினமும் சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மட்டமாக்கிவிட்டு வருவேன். காலையில் போனால் சுத்தமான தாளில் எழுதியதுபோல் எல்லாம் தெளிவாக இருக்கும். எது முதலில் வந்தது, எது குட்டி, எது ஓடியது, எது நடந்தது எல்லாம் தெரியும். முனியம்மா அதைப் பார்த்துவிட்டு, "பன்னி வரதுக்கு வாசல் தெளிக்கிறாங்க எங்கம்மா. அப்படியே கோலத்தையும் போட்டுடுங்க" என்றாள். கூட்டத்துக்கு முன்னால் வருவது ஒரு பெரிய தாய்ப்பன்றி என்று அந்தப் பட்டை மண்ணில்தான் கண்டுபிடித்தேன். அதன் முன்னங்கால் குளம்பு ஒன்று விரிந்து பிளந்திருக்கும். அது நின்றால் மற்றவை நிற்கும். அது திரும்பினால் மற்றவை திரும்பும்.

உன் அப்பாவின் வழியையே செய்து பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்த வெள்ளைச் சட்டை. குச்சியில் மாட்டிப் பொத்தானெல்லாம் போட்டு, காலரைச் சரிசெய்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தடம் நேராக வந்து, சட்டைக்கு அடியிலேயே நடந்து, கொல்லைக்குள் போயிருந்தது. ஒரு தயக்கம் கூட இல்லை. போகிறபோது ஒரு பன்றி கைப்பகுதியில் சேற்றைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தது. பார் மகனே, உன் அப்பாவின் சட்டைதான் அது. ஆனால் என் சோப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. கிளறிப்போட்ட கடலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, வீட்டில் நான் துவைத்து மடித்து வைத்திருக்கும் அத்தனையையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தலையணை உறை. போர்வை. துண்டு. ஒன்றிலும் அவர் இல்லை.

அப்புறம்தான் மோட்டார் கொட்டாய் ஞாபகம் வந்தது. புரட்டாசிக்குப் பிறகு மோட்டார் போட முனியம்மா புருஷன் ஏழுமலைதான் உள்ளே போய்வந்துகொண்டிருந்தான். நான் போகவில்லை. அது எப்போதுமே நான் போகாத இடம். உள்ளே ஆணிகளில் எல்லாம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. கட்டம்போட்ட சட்டை, கைகிழிந்த இன்னொரு சட்டை, ஒரு கைலி, தோள் துண்டு, பழுப்பேறிய பனியன், அவர் உட்காரும் சாக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் வீட்டுக்குள் விடாத மனிதர் அந்தக் கொட்டாயில் இருந்தார். வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். எதைத் தொட்டாலும் கலைந்துவிடும் என்று இருந்தது. கடைசியில் தோள் துண்டை மட்டும் ஒரு குச்சியால் தூக்கி எடுத்து, கை படாமல் கொண்டுபோய் ஏரி வரப்பில் மாட்டினேன்.

மறுநாள் பெருக்கிய மண்ணில் நான் பார்த்ததை உனக்கு அப்படியே சொல்கிறேன். தாய்ப்பன்றியின் தடம் கரையிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறது. துண்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் நின்றிருக்கிறது. நடந்த தடம் மேலாக இருக்கும், நின்ற தடம் ஆழமாக இருக்கும். இது ஆழமாக இருந்தது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்திருக்கிறது. அதன் பின்னால் சின்னக் குளம்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. பிறகு எல்லாத் தடமும் வந்த வழியே திரும்பியிருந்தன. ஒரு செடிகூடப் போகவில்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். உயிர் இல்லை என்று மருத்துவர் சொன்னார், நீ கொள்ளி வைத்தாய், நான் தாலியைக் கழற்றினேன், ஊரே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனது. இந்தப் பன்றிகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவற்றின் வரைக்கும் உன் அப்பா நேற்று ராத்திரி அந்த வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் தினமும் காலையில் எதற்காகப் போனேன் என்று உனக்குப் புரியும். ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். ரஹீம் பாய் ஒருநாள் பயிர் பார்க்க வந்தவர், பனி விலகாத நேரத்தில் அப்போது நான் குச்சியில் மாட்டியிருந்த கட்டம்போட்ட சட்டையைக் கரை மேலிருந்து பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு நின்றுவிட்டார். என்னிடம் வந்து, "ஒரு நிமிசம் பேஜாராயிட்ச்சி அண்ணி. சலாம் வெச்சிட்டேன், பதில் வரல, கோவமா கீறாரு போலன்னு நெனச்சிட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். களையெடுக்கிற பெண்கள் அந்த மூலைக்குப் போக மாட்டேன் என்றார்கள். முனியம்மாதான், "அய்யா உயிரோட இருக்கச்சொல்ல கூட இம்மா நேரம் கொல்லையில நின்னதில்ல. இப்பதான் ஒயுங்கா வேலை செய்றாரு, வாங்கடி" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனாள். அந்தத் தாய்ப்பன்றிக்கும் அவள் பெயர் வைத்துவிட்டாள். "ஒங்க சக்களத்திம்மா அது. வாசம் பாத்தே ஆளக் கண்டுபிடிக்குது பாருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அந்தப் பன்றி தெரிந்துவைத்திருப்பது எனக்குத் தெரியாது என்பது உண்மை.

தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. அந்தப் பெரிய காய்ச்சல் ஊரெல்லாம் பரவிய வருஷம் எனக்கும் வந்ததே, அதில் போன மூக்கு திரும்பி வரவில்லை. உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். சாம்பார் அடிப்பிடித்தால் அவர்தான் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். அதனால் கொட்டாயில் தொங்கிய சட்டையில் முகத்தைப் புதைத்தாலும் எனக்கு அது வெறும் துணிதான். அதில் அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்பதைப் பன்றித் தடத்தில் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். நீ சோலார் வேலி போட்டுத் தருகிறேன் என்று மூன்று தடவை சொன்னாய். மாடு மாட்டிக்கொள்ளும், பராமரிப்பு கஷ்டம் என்று ஏதேதோ காரணம் சொன்னேன். எல்லாம் சாக்கு. வேலி போட்டால் பன்றிகள் தூரத்திலேயே திரும்பிவிடும். எனக்குச் சேதி சொல்ல ஆள் இருக்காது.

பனியும் வெயிலும் எதையும் விட்டுவைப்பதில்லை. தோள் துண்டுக்கு முன்னால் தாய்ப்பன்றி முதல் நாள் நின்ற இடத்தைவிட அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே நின்றிருந்தது. அதற்கடுத்து இன்னும் கிட்டே. பிறகு ஒருநாள் தாய்ப்பன்றி துண்டுக்கு நேர் கீழே வந்து, மூக்கால் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டது. நான் கைலியைக் கொண்டுபோய் மாட்டினேன். மறுபடி தூரத்தில் நின்று திரும்பியது. கைலிக்குப் பிறகு பனியன். பனியனுக்குப் பிறகு சாக்கு, கைகிழிந்த சட்டை. கட்டம்போட்ட சட்டை வெகுநாள் நின்றது. ஒவ்வொன்றிலும் அதே கதைதான். முதலில் தூரம், பிறகு கிட்டே, பிறகு அடியில். ஊருக்கு ஒரு தடவை செத்தவர் எனக்கு அந்த வரப்பில் திரும்பத் திரும்பச் செத்தார். நானே கொண்டுபோய் நிறுத்தினேன், நானே காலையில் போய்ப் பார்த்தேன்.

மனித வாடைதானே வேண்டும், யாருடையதாக இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். எனக்கும் தோன்றியது. முனியம்மாவிடம் கேட்டு ஏழுமலையின் சட்டையை வாங்கி மாட்டிப் பார்த்தேன். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்த சட்டை. மறுநாள் குச்சி சாய்ந்து கிடந்தது, சட்டை மண்ணில் மிதிபட்டுக் கிடந்தது, நான்கு வரிசைச் செடி போயிருந்தது. முனியம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எங்க வூட்டாள பன்னி கூட மதிக்கலம்மா. நான் ஒண்டி மதிச்சி இன்னா ஆவப் போவுது" என்றாள். ஏழுமலை, "காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்மே, நீ வேற" என்று முனகினான். அவன் சொன்னதுதான் காரணமாக இருக்கலாம். நான் அதற்கு மேல் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது சட்டைக்கு வருகிறேன். கொட்டாயில் மோட்டார் பெட்டிக்குப் பின்னால் ஒரு நீலச் சட்டை சுருட்டிச் செருகியிருந்தது. கடைசி நாள் காலையில் கொல்லையில் போட்டிருந்த சட்டை அது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், வீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுந்து, அப்போதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "ஏன் இப்படிப் போட்டிருக்கிறீர்கள்?" என்று நான் கேட்டதுதான் அவர் காதில் விழுந்த என் கடைசிப் பேச்சு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நீலச் சட்டையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடி, விளிம்பைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி வைத்தேன். மற்ற எல்லாம் போன பிறகும் இதைத் தொடவில்லை. இதில் அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பன்றியிடம்தான் கேட்க வேண்டும். பன்றியிடம் கேட்டால் சட்டை செலவாகிவிடும்.

இந்த நிலையில்தான் நீ போன் செய்தாய். அன்றைக்குக் கட்டம்போட்ட சட்டைக்கு அடியில் தடம் வந்துவிட்டிருந்தது. காய் முற்ற இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். நீலச் சட்டையை எடுத்து மாட்டினால் அறுவடை வரைக்கும் தாங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொல்லை போகட்டும், அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. இன்னும் சில காலைகள் போய், தூரத்தில் நின்று திரும்பிய அந்தத் தடத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் உன்னிடம் அப்படிப் பதில் சொன்னேன். பெற்ற பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பன்றிக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் மண்ணைப் பெருக்கிவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். மெழுகைச் சுரண்டத் தடியின் முனையை வைத்தேன். ஏரிக்குள்ளிருந்து சருகு மிதிபடும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவற்றுக்கு அவர் வேண்டாதவர். வரக்கூடாது, இருக்கக்கூடாது என்றுதான் அவை மோந்து பார்க்கின்றன. இருக்கவேண்டும் என்று மோந்து பார்க்க இந்த உலகத்தில் மூக்குள்ளவன் நீ ஒருவன்தான். குச்சியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, டின்னைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்தால் அது கோழைத்தனம். தாய்ப்பன்றியின் தடம் கரையிலிருந்து இறங்கி, வேகம் குறையாமல் என் பட்டை மண்ணைக் கடந்து, நேராக உள்ளே போயிருந்தது. எங்கேயும் ஆழமாக இல்லை. குட்டிகளின் தடம் இரண்டு பக்கமும் சிதறி விளையாடிக்கொண்டு போயிருந்தது. கீழ்ப்பாதிக் கொல்லை உழுது போட்டதுபோல் கிடந்தது. முனியம்மா வந்து பார்த்துவிட்டு, மிதிபட்ட செடிகளைப் பொறுக்கி வரப்பில் போட்டாள். மீதியைப் பிடுங்கிவிடலாம் என்றேன். காய் இளசாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆள் கூப்பிடப் போனாள். உன் அப்பா இறந்துவிட்டார் என்பதை நான் அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். சோலார் வேலி போடலாம். அடுத்த போகத்துக்கு முன்னால் போட்டுவிடு.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா என்பதால் சொல்ல உரிமை உண்டு. போன வருஷம் நான் அங்கே வந்திருந்தபோது, ஆபீஸிலிருந்து வந்ததும் குழந்தை ஓடிவந்தாள். "இரு, அப்பா குளிச்சிட்டு வரேன்" என்று அவளைத் தள்ளி நிறுத்தினாய். என் பிள்ளை என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இனிமேல் அப்படிச் செய்யாதே. அழுக்காக இருக்கும்போதே அவளைத் தூக்கிக்கொள். உன் மனைவி உன் தலையணை உறையைத் தினமும் மாற்ற மறந்தால் ஒன்றும் சொல்லாதே. சுத்தம் கெட்டதென்று நான் சொல்லவில்லை, சாகும்வரை அப்படிச் சொல்ல மாட்டேன். துவைப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

சித்திரையில் வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. நான் சாவியோடு மோட்டார் கொட்டாயில் இருப்பேன். டின்னை உன்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து நீயே திற. அவசரப்படாதே. பிறகு வெளியே வந்து என்னிடம் சொல். மெழுகு வாசனையும் பூஞ்சை வாசனையும் மட்டும் இருந்தால் அதையே சொல். அவர் இருந்தால், எப்படி இருக்கிறார் என்று விவரமாகச் சொல். வெற்றிலையா, எண்ணெயா, மண்ணா, எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்ட விஷயம் அது. என் முகத்தைப் பார்த்து, எனக்குப் பிடித்த மாதிரி எதையும் சொல்லிவிடாதே. பன்றிகள் ஒருநாளும் என் முகம் பார்த்துச் சொல்லவில்லை. அதனால்தான் அவற்றை நம்பினேன்.

அம்மா